நோய்க்கு முந்தைய ரத்தம்

ஜெர்மனியில், மூளையையும் நரம்புகளையும் சிதைக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோய் தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்ட 901 பேரின் ரத்தத்தை, பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையின் க்ளெமென்ஸ் ரூப்ரெக்ட் குழுவினர் பரிசோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். எப்ஸ்டைன்-பார் வைரஸ் இவர்கள் உடலில் என்றைக்காவது புகுந்ததற்கான தடயம் உண்டா என்பதுதான் கேள்வி. 901 பேரிடமும் தடயம் இருந்தது. மருத்துவ ஆய்வில் நூற்றுக்கு நூறு என்ற எண் அபூர்வமாகவே வரும். வந்தால் ஆய்வாளர்கள் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுவார்கள்.

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. வேறு வேறு காரணங்களுக்காகப் பெர்லின் மருத்துவமனைகளுக்கு வந்த 16,000-க்கும் மேற்பட்டோரின் முடிவுகளையும் அதே குழு பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வயது ஏற ஏற அங்கேயும் ஏறக்குறைய எல்லோருக்கும் அந்த வைரஸ் இருந்தது. உலகெங்கும் வயதுவந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதைச் சுமக்கிறார்கள். எட்டுக் கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஜெர்மனியில் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் உள்ளவர்கள் சுமார் 2,80,000 பேர். எல்லோரிடமும் இருக்கும் ஒரு கிருமி, ஆயிரத்தில் மூன்று நான்கு பேருக்கு மட்டும் வரும் நோய்க்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது? நம் உடலின் காவல் படை நம்மையே தாக்கும் நோய்களுக்கு வைரஸ்கள் காரணமா என்ற கேள்வி, நூறாண்டுக்கு மேலாக இந்த இடத்தில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது.

சிக்கலின் முடிச்சு ஜெர்மனியிலேயே போடப்பட்டது. ஒரு கிருமியை ஒரு நோய்க்குக் காரணம் என்று சொல்ல என்னென்ன நிரூபிக்க வேண்டும் என்பதைக் பின்னாளில் கோட்டிங்கன் பல்கலைக்கழக உடற்கூறியல் பேராசிரியரான யாகோப் ஹென்லே 1840-லேயே யோசித்திருந்தார். அவருடைய மாணவர் ராபர்ட் கோக் அதைச் செயலில் காட்டினார். நோயாளி ஒவ்வொருவரிடமும் கிருமி இருக்க வேண்டும். நோயில்லாதவரிடம் இருக்கக் கூடாது. தனியாகப் பிரித்து வளர்த்து ஒரு விலங்குக்குச் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும். ஹென்லே-கோக் விதிகள் என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான். காசநோய்க்கு இது பொருந்தியது. காலராவுக்கு வந்தபோது கோக்குக்கே இடித்தது. 1892-இல் ஹாம்பர்க் நகரைக் காலரா சூறையாடிய பிறகு, நோயே இல்லாமல் கிருமியைச் சுமக்கும் ஆரோக்கியமான மனிதர்களை அவர் கண்டார். இரண்டாவது விதியைத் தானே தளர்த்திக்கொண்டார். அந்தத் தளர்வு பாடப்புத்தகங்களில் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது.

இரண்டாவது முடிச்சைப் போட்டவர் பால் எர்லிக். ஓர் ஆட்டுக்கு வேறோர் ஆட்டின் சிவப்பணுக்களைச் செலுத்தினால் அவற்றை அழிக்கும் எதிர்ப்பொருள் உண்டாகிறது. தன் சொந்தச் சிவப்பணுக்களுக்கு எதிராக மட்டும் உண்டாவதில்லை. 1900-ஐ ஒட்டி ஃபிராங்க்ஃபர்ட்டில் செய்த இந்தச் சோதனைகளிலிருந்து, உடல் தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்வதற்கு அஞ்சுகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அதற்கு அவர் வைத்த லத்தீன் பெயர் ஹாரர் ஆட்டோடாக்சிகஸ். அப்படி நேராமல் தடுக்கும் ஏற்பாடு ஏதோ உடலில் இருக்கிறது என்பதே அவர் சொன்னது. அவருக்குப் பின் வந்தவர்கள் ‘அப்படி நேரவே நேராது’ என்று படித்துக்கொண்டார்கள். 1904-இலேயே வியன்னாவில் டோனத்தும் லேண்ட்ஸ்டைனரும், குளிர் பட்டால் தன் சிவப்பணுக்களையே உடைக்கும் எதிர்ப்பொருளைச் சில நோயாளிகளிடம் கண்டார்கள். அந்நோயாளிகள் பெரும்பாலும் சிபிலிஸ் தொற்றியவர்கள். தொற்றுநோய் ஒன்று, அதைத் தொடர்ந்து தன்மீதே தாக்குதல்: இந்தக் கட்டுரையின் முழுக் கேள்வியும் அந்த ஒரு கண்டுபிடிப்புக்குள் இருந்தது. ஆனாலும் அரை நூற்றாண்டு அது ஒரு விதிவிலக்காகவே ஒதுக்கி வைக்கப்பட்டது.

ஒதுக்கியவர்களில் எர்னஸ்ட் விட்டெப்ஸ்கியும் ஒருவர். ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர், எர்லிக்கின் சீடரான ஹான்ஸ் சாக்ஸிடம் ஹைடல்பர்க்கில் பயின்றவர், யூதர் என்பதால் 1933-இல் வேலையிழந்து, பிறகு அமெரிக்காவின் பஃபலோவில் குடியேறியவர். அவருடைய ஆய்வகத்தில் இளைஞர் நோயல் ரோஸ், முயலின் தைராய்டுப் புரதத்தை எடுத்து முயலுக்கே செலுத்தினார். எதிர்ப்பொருள் உண்டானது, தைராய்டும் சிதைந்தது. ஆசானின் ஆசான் சொன்னதற்கு மாறாக ஒரு முடிவு வந்துவிட்டதே என்று விட்டெப்ஸ்கி நீண்ட காலம் நம்ப மறுத்தார். திரும்பத் திரும்பச் சோதிக்கச் சொன்னார். 1956-இல்தான் அது வெளியானது. அடுத்த ஆண்டே, ஒரு நோயைத் தன்னுடல் தாக்கு நோய் என்று ஏற்க என்னென்ன நிரூபிக்க வேண்டும் என்ற விதிகளை அவரே எழுதினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட மாதிரி கோக்கின் விதிகள். ஆக, கேள்வியின் இரு பாதிகளுக்கும் தனித்தனியே கடுமையான வாயிற்காவல் போடப்பட்டது. இரண்டையும் சேர்த்துத் தாண்டும் வழி மட்டும் யாரிடமும் இல்லை.

அந்த வழி ஒரு விபத்தில் கிடைத்தது. 1889-இல் வீஸ்பாடன் நகரக் குழந்தை மருத்துவர் எமில் ஃபைஃபர், காய்ச்சலும் கழுத்துச் சுரப்பிகளின் வீக்கமுமாக வரும் ஒரு நோயை விவரித்தார். ஜெர்மானியர் இன்றும் அதை அவர் பெயரால், ஃபைஃபரின் சுரப்பிக் காய்ச்சல் என்றே சொல்கிறார்கள். காரணம் எண்பது ஆண்டுகள் தெரியவில்லை. 1964-இல் லண்டனில் எப்ஸ்டைனும் ஆச்சாங்கும் பாரும் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் புற்றுக்கட்டியில் ஒரு புதிய வைரஸைப் பார்த்தார்கள். அதை ஆராயும் வேலை ஃபிலடெல்ஃபியாவில் இருந்த ஒரு தம்பதியிடம் போய்ச் சேர்ந்தது: வெர்னர் ஹென்லே, கெர்ட்ரூட் ஹென்லே. வெர்னர் டார்ட்முண்டில் பிறந்தவர், கெர்ட்ரூட் மான்ஹைமில். இருவரும் ஹைடல்பர்க்கில் மருத்துவம் படித்து, நாஜி ஆட்சியில் நாட்டை விட்டுப் போனவர்கள். வெர்னர், அந்த யாகோப் ஹென்லேயின் பேரன்.

அவர்கள் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் ரத்தத்தில் இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் இல்லை. ஆகவே ‘வைரஸ் இல்லாத ரத்தம்’ என்று ஒப்பிடுவதற்கு அதையே பயன்படுத்தி வந்தார்கள். 1967-இல் அவருக்குச் சுரப்பிக் காய்ச்சல் வந்தது. திரும்பி வந்தபோது அவர் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தது. தற்செயலாக இருக்கலாம் அல்லவா? யேல் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடம் எடுத்துப் பல ஆண்டுகளாகச் சேமித்து வைத்திருந்த ரத்தம் அப்போது கைகொடுத்தது. சுரப்பிக் காய்ச்சல் வந்த மாணவர்கள் அனைவரும் அதற்கு முன் வைரஸ் படாதவர்கள், காய்ச்சலுக்குப் பின் பட்டவர்கள். 1968-இல் விவகாரம் முடிந்தது. எந்த விலங்குக்கும் ஊசி போடவில்லை. பாட்டனாரின் மூன்று விதிகளில் எதையும் பேரன் முழுதாக நிறைவேற்றவில்லை. அவர் காட்டியது கால வரிசை மட்டும்: முன்னே இல்லை, பின்னே இருக்கிறது, நடுவில் நோய்.

என் கருத்து இதுதான்: தன்னுடல் தாக்கு நோய்க்கு வைரஸ் காரணமா என்ற விசாரணையில் இதுவரை நம்பத்தக்கதாகக் கிடைத்தவை எல்லாம் இந்த ஒரு வகைச் சாட்சியிலிருந்தே வந்திருக்கின்றன. நோய் வந்தபின் எடுக்கும் ரத்தம் எதையும் தீர்மானிப்பதில்லை. வைரஸ் முதலில் வந்ததா, நோயால் நிலைகுலைந்த உடலில் பழைய வைரஸ் தலைதூக்கியதா என்பதை அது சொல்லாது. நோய்க்கு முன்பே எடுத்து, தேதியிட்டு, உறைய வைத்த ரத்தம் சொல்லும்.

எப்ஸ்டைன்-பார் விஷயத்தில் அதைச் சொன்னது அமெரிக்க ராணுவத்தின் குளிர்சாதனக் கிடங்கு. எச்ஐவி சோதனைக்காகப் படையினரிடம் அவ்வப்போது எடுத்த ரத்தத்தின் மீதி அங்கே கோடிக்கணக்கான குப்பிகளில் கிடக்கிறது. ஹார்வர்டின் ஆல்பர்ட்டோ ஆஸ்கேரியோ, ஷெட்டில் பியோர்னெவிக் குழு, இருபது ஆண்டுகளில் பணியாற்றிய ஒரு கோடிப் பேரில் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் வந்த 955 பேரைக் கண்டெடுத்தது. அவர்களில் 801 பேரின் பழைய ரத்தம் ஆய்வுக்குக் கிடைத்தது. முதல் மாதிரியில் வைரஸ் படாதவர்கள் 35 பேர். நோய் தொடங்குவதற்குள் அவர்களில் 34 பேருக்கு வைரஸ் தொற்றியிருந்தது. தொற்றியவருக்கு நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு என்று 2022 ஜனவரியில் சயன்ஸ் இதழில் கணக்கு வெளியானது. நரம்பு சிதைவதைக் காட்டும் ஒரு புரதமும் ரத்தத்தில் வைரஸ் வந்த பிறகே ஏறியது. எச்சில் வழியே பரவும் இன்னொரு வைரஸான சைட்டோமெகலோவுக்கு இப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. புகைபிடித்தல்–நுரையீரல் புற்றுநோய் அளவுக்கு வலுவான எண் இது. மேலே சொன்ன பெர்லினின் 901-க்குப் பொருள் கிடைத்ததும் இதற்குப் பின்புதான்.

வைரஸ் எப்படி இதைச் செய்கிறது என்பதில் இவ்வளவு தெளிவு இல்லை. பழைய விளக்கம் முகஜாடை. கிருமியின் ஒரு துண்டு நம் உடலின் ஒரு துண்டைப் போலவே இருக்கும். கிருமியைத் தேடிப் புறப்பட்ட காவலர் ஜாடை ஒத்த வீட்டுக்காரனை அடித்துவிடுவார். மைக்கேல் ஓல்ட்ஸ்டோன் 1980-களில் முயல்களில் இதைக் காட்டினார். 2022-இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்து வந்த ஆய்வு, எப்ஸ்டைன்-பார் வைரஸின் இபிஎன்ஏ-1 என்ற புரதத்துக்கும் மூளையின் க்ளியல்கேம் என்ற புரதத்துக்கும் இடையே அப்படியொரு ஒற்றுமையைக் கண்டது. ஆனால் அந்த இரட்டை எதிர்ப்பொருள் நோயாளிகளில் சுமார் நான்கில் ஒரு பங்கினரிடமே இருந்தது. மீதிப் பேருக்கு வேறு கதை வேண்டும்.

வைரஸின் குடியிருப்பைப் பார்த்தால் அந்தக் கதையின் தொடக்கம் கிடைக்கிறது. ஹென்லே தம்பதியிடம் வேலை கற்றுத் திரும்பிய ஹரால்ட் சூர் ஹவுசன், 1970-இல் வூர்ட்ஸ்பர்க்கில் இருந்தபடி, வைரஸின் மரபணு அந்த ஆப்பிரிக்கப் புற்றுக்கட்டியின் செல்களுக்குள்ளேயே தங்கியிருப்பதைக் காட்டினார். (கருப்பை வாய்ப் புற்றுக்கு வேறொரு வைரஸ் காரணம் என்று நிறுவி 2008-இல் நோபல் பெற்றவர் இவரே.) எப்ஸ்டைன்-பார் ஆயுள் முழுக்கக் குடியிருப்பது எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்களில். அந்தச் செல்களை அது சாகவிடாமல் வைத்துக்கொள்கிறது. சாதாரணமாக உடல் கழித்துக்கட்டியிருக்க வேண்டிய ‘தன்னையே தாக்கும்’ பி செல் ஒன்றுக்குள் வைரஸ் புகுந்துவிட்டால், அந்தச் செல்லுக்கு நீண்ட ஆயுள் கிடைத்துவிடுகிறது. 1997-இல், சிறுநீரகம் உட்படப் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் நோயுற்ற இளவயதினர் 117 பேரில் 116 பேரிடம் இந்த வைரஸைக் கண்டார்கள். ஒப்பிட்ட ஆரோக்கியமானவர்களில் எழுபது விழுக்காடு. 2025-இல் ஸ்டான்ஃபோர்ட் குழு, லூபஸ் நோயாளிகளின் பி செல்களில் வைரஸ் குடியேறியவை மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகம் என்றும், அவை தாக்குதலுக்குத் தலைமை ஏற்கின்றன என்றும் காட்டியது. முகஜாடையைவிட இந்த விளக்கம் எனக்கு உறுதியாகத் தெரிகிறது. ஒரே வைரஸ் ஒருவருக்கு நரம்பிலும் இன்னொருவருக்குச் சிறுநீரகத்திலும் கைவைப்பதை இது விளக்க முடியும்.

முதல் வகைச் சர்க்கரை நோயில் விசாரணை வேறு பாதையில் போயிருக்கிறது. அங்கே சந்தேகம் காக்சாக்கி போன்ற என்டெரோ வைரஸ்கள் மீது, 1969 முதல். குழந்தைக்குத் தாகமும் எடைக்குறைவும் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கணையத்தின் மீது தாக்குதல் தொடங்கிவிடுகிறது. ஆகவே பிறந்த நாளிலிருந்தே பின்தொடர வேண்டும். மியூனிக்கில் அனெட்டே-கேப்ரியேலே சீக்லர் 1989-இல் தொடங்கிய பேபிடயாப், உலகில் இந்த நோக்கத்தோடு தொடங்கிய முதல் ஆய்வு. சர்க்கரை நோயுள்ள பெற்றோரின் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பார்த்தார்கள். கணையத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் முளைக்கிறது என்று தெரிந்தது. அத்தகைய எதிர்ப்பொருள் இரண்டு வகை முளைத்த குழந்தைகளில் பத்தில் ஏழு பேருக்குப் பத்தாண்டுக்குள் நோய் வருகிறது என்று 2013-இல் மூன்று நாட்டுத் தரவுகளைச் சேர்த்து எழுதினார்கள். பவேரியாவில் பின்னர் ஃப்ரிடா என்ற திட்டம் சாதாரணக் குழந்தை மருத்துவர்களிடம் வந்த 90,632 சிறுவர்களைச் சோதித்தது. 280 பேரிடம் அறிகுறியில்லாத தொடக்க நிலை இருந்தது.

மியூனிக்கும் ஸ்வீடனும் ஃபின்லாந்தும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்தும் டெடி ஆய்வு இன்னும் பெரியது: 8,676 குழந்தைகள், மூன்றாம் மாதத்திலிருந்து மாதாமாதம் மலம். ஆம், மலம்தான், குடலில் குடியேறும் வைரஸை அங்கேதான் தேட முடியும். அப்பாவும் அம்மாவும் சலிக்காமல் டப்பாவில் அடைத்து அனுப்பியதன் பலன் 2019-இல் கிடைத்தது. எத்தனை முறை வைரஸ் வந்தது என்பதற்கும் நோய்க்கும் தொடர்பில்லை. ஒரே என்டெரோ வைரஸ் ஒரு மாதத்துக்கு மேல் போகாமல் தங்கிய குழந்தைகளிடம்தான் கணையத் தாக்குதல் கூடுதலாக இருந்தது. வந்து போகிற வைரஸைவிட வந்து தங்குகிற வைரஸே ஆபத்து. இதே ஆய்வில் இன்னொரு முடிவு பலரையும் குழப்பியது: சிறு வயதில் அடினோ வைரஸ் சி வந்த குழந்தைகளுக்கு ஆபத்து குறைந்திருந்தது. தொற்று குறைந்த சூழல்தான் குற்றவாளி என்பவர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். ஜெர்மனி ஒன்றானபின் மியூனிக் குழந்தைகளையும் லைப்சிக், ஹாலே குழந்தைகளையும் எரிகா ஃபொன் முட்டியஸ் ஒப்பிட்டு, புகையும் நெரிசலும் நிறைந்த கிழக்கில் ஒவ்வாமை குறைவு என்று கண்டதையும் துணைக்கு இழுக்கிறார்கள். அது ஒவ்வாமைக் கணக்கு. இரண்டையும் ஒரே வரியில் எழுதுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள்.

கோவிட் வந்தபோது இந்தக் கேள்விக்கு எதிர்பாராமல் ஒரு பெருஞ்சோதனை அமைந்தது: ஒரு நாட்டு மக்கள் அனைவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரு புதிய வைரஸைச் சந்தித்தார்கள், அதுவும் காப்பீட்டுப் பதிவுகள் பழுதில்லாத நாட்டில். டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு, 2020-இல் தொற்று உறுதியான 6,41,704 பேரை, வயதும் பாலினமும் பழைய நோய்களும் ஒத்த, தொற்றாத 15 லட்சத்துக்கும் மேற்பட்டோருடன் ஒப்பிட்டது. முப்பது வகைத் தன்னுடல் தாக்கு நோய்களைச் சேர்த்து எண்ணினால், தொற்றியவர்களிடம் 43 விழுக்காடு அதிகம். பவேரியாவில் 11.8 லட்சம் குழந்தைகளின் பதிவைப் பார்த்தவர்கள், கோவிட் உறுதியான காலாண்டிலும் அதன் பின்னும் முதல் வகைச் சர்க்கரை நோய் 57 விழுக்காடு அதிகம் என்றார்கள். டென்மார்க்கின் பதிவேடு அத்தகைய உயர்வைக் காணவில்லை. காப்பீட்டுப் பதிவு என்பது மருத்துவரிடம் போனவரின் கணக்கு. கோவிட் வந்தவர் மருத்துவரிடம் அதிகம் போவார். அதிகம் போகிறவருக்கு ஏற்கெனவே உள்ளிருந்த நோய் சீக்கிரம் கண்ணில் படும். ஆகவே எனக்கு இந்தப் பெரிய எண்களைவிட மியூனிக்கின் ஒரு சிறிய எண் மேல்: இன்சுலின் சோதனை ஒன்றில் சேர்ந்திருந்ததால் முறையாக ரத்தம் எடுக்கப்பட்டு வந்த, மரபணு ஆபத்துள்ள 885 குழந்தைகளில், கோவிட் தொற்றியவர்களிடம் கணைய எதிர்ப்பொருள் சுமார் இரு மடங்கு முளைத்தது, முன்பே எடுத்த ரத்தம் அங்கே சாட்சிக்கு இருந்தது.

ஒரு நோயாளியைக் கண்முன் வைத்துக்கொண்டு, வைரஸிலிருந்து தாக்குதல் வரை நாள் கணக்கில் பார்க்க முடிந்த நோய்களும் உண்டு. ஹெர்பிஸ் வைரஸால் மூளைக்காய்ச்சல் வந்தவர்கள் சிலர் மருந்தில் தேறி, சில வாரங்களில் மறுபடி சரிவார்கள். பிதற்றல், வலிப்பு, குழந்தைகளிடம் கைகால்களின் விபரீத அசைவு. வைரஸ் திரும்பிவிட்டது என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். 2012-இல் ஷாரிட்டேயின் ஹரால்ட் ப்ரூஸ், ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் நோயாளிகள் 44 பேரில் 13 பேரிடம் மூளையின் என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்பொருளைக் கண்டார். ஸ்பெயினில் 51 பேரைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்தவர்கள், 14 பேருக்கு வைரஸ் ஓய்ந்தபின் தன்னுடல் தாக்கு மூளைக்காய்ச்சல் வந்ததை 2018-இல் பதிவு செய்தார்கள். வைரஸ் மூளைச் செல்லை உடைத்து, அதுவரை மறைந்திருந்த துண்டுகளை வெளியே கொட்டுகிறது. காவல் படை அவற்றை அந்நியம் என்று எடுத்துக்கொள்கிறது. மருத்துவருக்கு இதனால் உடனடிப் பயன் உண்டு. இரண்டாம் சரிவுக்கு வைரஸ் மருந்து போதாது, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து வேண்டும்.

பால்டிக் கரையோரச் சிறு பல்கலைக்கழக நகரம் கிரைஃப்ஸ்வால்ட். அங்கே ஆண்ட்ரியாஸ் கிரைனாகர், ஹெபாரின் மருந்து சிலருக்கு ரத்தத்தை உறையவைப்பது ஏன் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 2021 மார்ச்சில் ஆஸ்ட்ராசெனிகா தடுப்பூசிக்குப் பின் மூளை நாளங்களில் ரத்தம் உறைந்த நோயாளிகளின் ரத்தம் அவரிடம் வந்தது. லாங்கனில் உள்ள, எர்லிக்கின் பெயரைத் தாங்கிய மருந்துக் கண்காணிப்பு நிறுவனம் மார்ச் 15 அன்று அந்தத் தடுப்பூசியை நிறுத்திவைக்கச் சொன்ன நேரம் அது. ஏப்ரலில் கிரைனாகர் வெளியிட்ட முதல் கட்டுரையில் 11 நோயாளிகள். ஆறு பேர் இறந்திருந்தார்கள். பரிசோதிக்க முடிந்த எல்லோரிடமும் ரத்தத் தட்டணுக்கள் சுரக்கும் பிஎஃப்-4 என்ற சொந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. தடுப்பூசியை ஏற்றி வந்த வாகனம், மாற்றியமைத்த ஓர் அடினோ வைரஸ். மிக அரிதான இந்த விளைவு தடுப்பூசிக்கு மட்டும் உரியதல்ல என்பது பின்னர் தெரிந்தது: இயற்கையாக அடினோ வைரஸ் தொற்றிய சிலருக்கும் இதே நோய் வருகிறது, அவர்களின் எதிர்ப்பொருளும் தடுப்பூசி நோயாளிகளின் எதிர்ப்பொருளும் ஒரே அச்சில் வார்த்தவை என்று 2024-இல் கிரைஃப்ஸ்வால்ட் உள்ளிட்ட ஆய்வகங்கள் காட்டின. டெடி ஆய்வில் பாதுகாப்பாகத் தெரிந்த வைரஸ் குடும்பமும் இதுவே. ‘வைரஸ் நல்லதா கெட்டதா’ என்று மொத்தமாகக் கேட்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம்.

டிரெஸ்டனில் தயாரான பாண்டெம்ரிக்ஸ் என்ற பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியும் இதே வரிசைதான். 2009 குளிர்காலத்தில் அதைப் போட்டுக்கொண்ட ஃபின்லாந்து, ஸ்வீடன் சிறுவர்களிடம் நார்கோலெப்ஸி என்ற திடீர் உறக்க நோய் கூடியதை 2010-இல் கவனித்தார்கள். சீனாவில் தடுப்பூசி போடாதவர்களிடமும் அந்தக் காய்ச்சல் அலைக்குப்பின் அதே நோய் கூடியது. விழிப்பைக் காக்கும் மூளைச் செல்கள் அழிவதால் வருவது இது. வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரே எச்எல்ஏ மரபணு வகை.

ஆக, வைரஸ் வேண்டும். அது மட்டும் போதாது. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் உள்ளவரின் ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கு அந்நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று அளவே. ஒருவருக்கு நோய், மற்றவருக்கு இல்லை என்ற இரட்டையர் ஜோடிகளை மியூனிக்கில் திரட்டி ஆராய்கிறார்கள். அவர்களின் குடல் கிருமிகளை எலிகளுக்கு மாற்றியபோது, நோயுற்றவரின் கிருமிகளைப் பெற்ற எலிகளுக்கே மூளை அழற்சி அதிகம் வந்தது என்று 2017-இல் மார்ட்டின்ஸ்ரீட்டின் ஹார்ட்மூட் வெகெர்லே குழு எழுதியது. மரபணு, வைரஸ், குடல், தொற்றிய வயது என்று எத்தனையோ சேர வேண்டியிருக்கிறது.

இந்தப் பட்டியலில் வைரஸை மட்டும் நீக்கிப் பார்த்தால் என்ன ஆகும்? ஒரு நோயில் பார்த்தாகிவிட்டது. ஹெபடைட்டிஸ் சி தொற்றியவர் சிலருக்குக் குளிரில் உறையும் எதிர்ப்பொருள் உண்டாகி, தோலும் நரம்பும் சிறுநீரகமும் கெடும். அந்த வைரஸை ஆய்வகத்தில் பெருக வைக்கும் வழியை மைன்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் பார்டன்ஷ்லாகரும் ஃபோல்கர் லோமானும் 1999-இல் கண்டார்கள். அதிலிருந்து மாத்திரைகள் பிறந்தன. வைரஸ் போனபோது பெரும்பாலோரிடம் அந்த நோயும் தணிந்தது. மற்ற இடங்களில் இவ்வளவு நேர்த்தியான விடை இல்லை. நார்வேயில் புதிதாகச் சர்க்கரை நோய் வந்த 96 சிறுவர்களிடம் என்டெரோ வைரஸ் மருந்துகளைச் சோதித்தபோது, இன்சுலின் சுரப்பு சற்றே கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. எப்ஸ்டைன்-பார் தொற்றிய செல்களை அழிக்கும் ஏடிஏ-188 என்ற சிகிச்சை, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸில் 2023-இல் தோற்றது. ஆனால் பி செல்களையே கூட்டமாக அகற்றும் மருந்துகள் அதே நோயில் நன்றாக வேலை செய்கின்றன. எர்லாங்கனில் கேயோர்க் ஷெட் 2021-இல் தொடங்கி, கடுமையான லூபஸ் நோயாளிகளின் பி செல்களை, மாற்றியமைத்த டி செல்களைச் செலுத்தும் கார்-டி முறையில் துடைத்தெடுத்தார். மருந்தே இல்லாமல் அவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்ற அறிக்கைகள் உலகெங்கும் பேசப்பட்டன. வைரஸின் வீட்டை இடித்ததால் வந்த பலனா, எதிர்ப்பொருள் தொழிற்சாலையை மூடியதால் வந்த பலனா என்பதை அச்சிகிச்சை பிரித்துச் சொல்லாது.

நம்பிக்கை முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் எர்லாங்கனே சாட்சி. கோவிட்டுக்குப் பின் நீடித்த சோர்வுக்குத் தன்னெதிர்ப்பொருள்களே காரணம் என்ற ஊகத்தில், பிசி-007 என்ற மருந்தை அங்கே 2021-இல் சில நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் தேறினார்கள் என்ற செய்தி ஜெர்மனி முழுக்கப் பரவி, ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். 2024-இல் முறையான சோதனை முடிந்தபோது அது வெற்று மருந்தைவிட மேலாக இல்லை.

தமிழ் வாசகருக்கு இந்த ஐரோப்பியக் கணக்கு அப்படியே பொருந்தாது. 2006-இல் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சந்தேக நோயாளிகளாகப் பதிய வைத்த சிக்குன்குனியா அலைக்குப்பின், மாதக்கணக்கில் விரல் மடக்க முடியாமல் இருந்தவர்கள் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். பார்க்க முடக்குவாதம் போலவே இருக்கும். முடக்குவாதத்துக்குரிய சிசிபி எதிர்ப்பொருள் பெரும்பாலும் இராது. அதை முடக்குவாதம் என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் மருந்து தின்னவும் வேண்டாம், எல்லாம் அந்தக் காய்ச்சலின் மிச்சம்தான் என்று உண்மையான முடக்குவாதத்தைக் கோட்டைவிடவும் வேண்டாம்.

எப்ஸ்டைன்-பார் நம் ஊரில் தொற்றுவது மழலைப் பருவத்தில், வாய்க்குவாய் ஊட்டும் பாசத்தில், சளி அளவுக்குக்கூடத் தெரியாமல். மேற்கு ஐரோப்பாவில் பலருக்கு அது பதின்பருவம்வரை தள்ளிப்போகிறது; தள்ளிப்போனால் சுரப்பிக் காய்ச்சலாக வெடிக்கிறது; அந்தக் காய்ச்சல் கண்டவர்களுக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் வாய்ப்பு சுமார் இரு மடங்கு. நோய் அங்கே அதிகம், இங்கே குறைவு என்பதற்கு இது ஒரு பங்குக் காரணமாக இருக்கலாம்.

விடை தடுப்பூசியில்தான் இருக்கிறது. மியூனிக்கின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையத்தில் வோல்ஃப்காங் ஹாமர்ஷ்மிட் குழு, மரபணு நீக்கிய வெற்று வைரஸ் ஓடுகளால் ஒன்றை உருவாக்கி வருகிறது. அமெரிக்காவில் மாடர்னாவும் தேசிய சுகாதார நிறுவனமும் தங்கள் தடுப்பூசிகளை மனிதரிடம் சோதிக்கின்றன. ஜெர்மனிக்கு இப்போது சொந்தக் குளிர்கிடங்கும் உண்டு: 2014 முதல் 2,05,000 பேரைச் சேர்த்த நாகோ ஆய்வின் மாதிரிகள் நொய்ஹெர்பெர்க்கில் உறைந்திருக்கின்றன. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் 20 வயதுக்கு மேற்பட்டவர்கள். எப்ஸ்டைன்-பாருக்கு அது காலம் கடந்த வயது. இன்றைக்கு ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால், சுரப்பிக் காய்ச்சல் குறைகிறதா என்பது பதினைந்து ஆண்டில் தெரியும். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் குறைகிறதா என்பது தெரிய முப்பது ஆண்டாவது ஆகும். அதற்குள் இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டிவரும். தொற்றை முழுதாகத் தடுக்காமல் சில ஆண்டுகள் தள்ளிமட்டும் போடுகிற தடுப்பூசி ஜெர்மன் சிறுவனுக்கு லாபம். மூன்று வயதுக்குள் அலுங்காமல் தொற்றிவிடும் மதுரைக் குழந்தைக்கு அதே ஊசி, தொற்றைப் பதினாறு வயதுக்கு நகர்த்திவிடக்கூடும்.